பற்சில்லு என்றால் சுற்ற வேண்டும்

நான் முதன்முதலில் பிரித்தது அம்மப்பாவின் அலாரம் மணிக்கூட்டை. 2020 ஊரடங்கு நேரம். மட்டக்களப்புக் கல்லடியில் வீட்டுப் படலையைத் தாண்ட வழியில்லை, அலுவலகமும் மூடியாயிற்று, அலுமாரி லாச்சிக்குள் பல வருசமாக நின்றுபோய்க் கிடந்த அதை எடுத்துப் பின்மூடியைக் கழற்றினேன். உள்ளே இரண்டு பித்தளைத் தட்டுகள், அவற்றுக்கு நடுவில் அடுக்கடுக்காகச் சில்லுகள், ஓரத்தில் சுருண்டு கிடக்கும் உருக்குப் பட்டி. மணிக்கூட்டை ஓட்டுகிற வில் ஏற்கனவே தளர்ந்திருந்தது, அதைப் பார்த்துவிட்டுத்தான் திருகாணிகளில் கை வைத்தேன். அலாரம் அடிப்பதற்கென்று இரண்டாவது வில் ஒன்று தனியாக இருக்கும் என்பது எனக்குத் தெரியாது. மூன்றாவது திருகாணி கழன்றதும் மேல்தட்டு தூக்கிக்கொண்டது, ஒரு சத்தம், அப்புறம் பார்த்தால் பட்டி மேசை முழுக்க விரிந்து கிடக்கிறது, என் சுட்டுவிரலில் நகத்துக்குக் கீழே நீளமாக ஒரு வெட்டு. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

அதனால், பழைய சில்லுகளில் நகையும் அலங்காரமும் செய்கிற என் கைவேலையைப் பற்றி வேறு எதையும் சொல்வதற்கு முன்னால் இதைச் சொல்லிவிடுகிறேன். முறுக்கி ஓடவிடுகிற எந்த மணிக்கூட்டையும் வில்லைத் தளர்த்தாமல் பிரிக்க வேண்டாம். முறுக்குகிற பிடியை விரல்களால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பல்லைத் தடுத்து நிற்கும் சின்னக் கொளுவியை ஊசியால் மெல்ல விலக்கி, பிடியை விட்டுவிடாமல் அரைச் சுற்று அரைச் சுற்றாகப் பின்னுக்கு வரவிட வேண்டும். அலாரம் மணிக்கூடு என்றால் இதையே இரண்டு தரம். இன்னொன்று, இரவில் ஒளிரும் எண்களோடு மிகப் பழைய மணிக்கூடு கையில் கிடைத்தால் அதன் முகத்தைச் சுரண்டக் கூடாது. 1960கள் வரை எண்ணிலும் முள்ளிலும் ரேடியம் கலந்த பூச்சுப் பூசினார்கள். ஒளி செத்துப்போயிருக்கும், ஆனால் ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 ஆண்டு, அந்தத் தூள் மூக்குக்குள் போனால் உடம்புக்குள்ளேயே தங்கிவிடும். நான் அப்படிப்பட்டதைத் திறப்பதே இல்லை.

அந்தச் சில்லுகளை வைத்து என்ன செய்யலாம் என்று தேடிப் பார்த்தபோதுதான் ஸ்டீம்பங்க் என்ற சொல்லே எனக்கு அறிமுகமானது. அது 1987இல் பிறந்த சொல். கே. டபிள்யூ. ஜீட்டர் என்ற அமெரிக்க எழுத்தாளர், தானும் நண்பர்களும் எழுதிக்கொண்டிருந்த விக்டோரியா காலத்துக் கற்பனைக் கதைகளுக்கு ஒரு பெயர் வேண்டும் என்று ஒரு சஞ்சிகைக்குக் கடிதம் எழுதியபோது வைத்தது. நீராவியும் பித்தளையும் பற்சில்லுமே கடைசி வரைக்கும் உலகத்தை ஓட்டியிருந்தால் நாம் தொட்டுப் புழங்குகிற பொருள்கள் எப்படி இருந்திருக்கும், இதுதான் அதன் அடிக்கேள்வி. கோதிக் அதற்குப் பக்கத்தில் நிற்பது. கறுப்பு, லேஸ், கூர் வளைவு ஜன்னல், துக்கத்தில் ஓர் அழகு. ஒன்றில் தொடங்கினால் கை தானாக மற்றதுக்கும் போகும்.

ஊரடங்கு தளர்ந்த பிறகு, மூன்று சில்லுகளை ஒன்றோடொன்று பல் கோத்த மாதிரி முக்கோணமாக ஒட்டி ஒரு புரோச் செய்து சட்டையில் குத்திக்கொண்டு டவுனுக்குப் போனேன். பஸ் நிலையத்துக்குக் கிட்டக் கண்ணாடிப் பெட்டி வைத்து மணிக்கூடு திருத்துகிற ஒரு நானா இருக்கிறார். அவரிடம் ஏதும் உடைந்த பாகங்கள் கிடைக்குமா என்று கேட்கப் போனபோது என் புரோச்சைக் கண்ணில் லென்ஸ் வைத்தபடியே பார்த்துவிட்டு, "தங்கச்சி, இது சுத்தாதே" என்றார். எனக்கு விளங்கவில்லை, ஒட்டித்தானே வைத்திருக்கிறேன், சுற்ற வேண்டியதில்லையே என்றேன். அவர் தன் பெட்டியிலிருந்து மூன்று சில்லுகளை எடுத்து ஒரு துணியில் வைத்துக் காட்டினார். முதலாவது வலப்பக்கம் சுற்றினால் அதைத் தொட்டு நிற்கும் இரண்டாவது இடப்பக்கம் சுற்றும், இரண்டாவதைத் தொடும் மூன்றாவது வலப்பக்கம் சுற்ற வேண்டும். ஆனால் அந்த மூன்றாவதுதான் முதலாவதையும் தொட்டுக்கொண்டு நிற்கிறதே, அது இடப்பக்கமல்லவா சுற்றச் சொல்கிறது? மூன்றும் ஒன்றையொன்று பூட்டிக்கொண்டு அசையாமல் நிற்கும். "ஒட்டி வெச்சாலும் பார்க்கிற ஆளுக்கு இது ஓடும்போல இருக்கணும். இது ஓடாதுன்னு கண்ணுக்குத் தெரியுது."

அன்றைக்குப் பின்னேரமே புரோச்சைப் பிரித்துவிட்டேன். இந்தக் கைவேலையில் நான் கற்றுக்கொண்டது எல்லாம் அந்த ஒரு பேச்சிலிருந்துதான் தொடங்குகிறது. கண்ட இடத்தில் பற்சில்லை ஒட்டினால் அது அலங்காரம் மட்டும்தான். அந்தச் சில்லுக்கு ஒரு வேலை இருப்பதாகத் தெரிந்தால்தான் பார்ப்பவர் கை அதைத் தொட்டுச் சுற்றிப் பார்க்க வரும். பல்லின் அளவு ஒன்றாக இருக்கிற சில்லுகளைத்தான் பக்கத்தில் வைக்க வேண்டும், பெரிய பல்லும் பொடிப் பல்லும் கோத்துக்கொள்ளாது. வட்டமாக அடுக்குவதென்றால் நான்கு, ஆறு என்று இரட்டைப் படையில் வைத்தால் சுற்றும். இன்னும் நல்லது மணிக்கூட்டுக்குள் இருக்கிற முறையே: ஒரே அச்சில் கீழே பெரிய சில்லு, அதன் மேல் குட்டிச் சில்லு, அந்தக் குட்டியைத் தொட்டபடி அடுத்த பெரிய சில்லு. இப்படி அடுக்கும்போது ஆழம் தானாக வந்துவிடும், ஒரே தளத்தில் தட்டையாக ஒட்டியதற்கும் இதற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

நானா இன்னொரு சொல்லும் சொன்னார், அதையும் நான் மீறியதில்லை. ஓடக்கூடிய மணிக்கூட்டைப் பிரிக்காதே என்றார். திருத்தவே முடியாதவை, அச்சு முறிந்தவை, பாகம் இனிக் கிடைக்காதவை, அவற்றை ஒரு பால்மா ரின்னில் எனக்கென்று போட்டு வைக்கிறார். மாதம் ஒரு தரம் போய் வாங்கி வருவேன்.

ரிவிட் என்று சொல்கிற தறையாணிக்கும் இதே பாடம்தான், அதைச் சொல்லித் தந்தது கல்லடிப் பாலம். பழைய பாலம் 1924இல் திறந்தது, அப்போதைய ஆளுநர் மானிங்கின் மனைவி பெயரில் லேடி மானிங் பாலம். 2013இல் பக்கத்தில் புதிய பாலம் வந்த பிறகு பழையதில் வாகன நெரிசல் இல்லை, ஆறுதலாக நின்று பார்க்கலாம். ஒரு முகமூடிக்கு ரிவிட் வைக்க நினைத்து எங்கே வைப்பது என்று தெரியாமல் இருந்தபோது, வேலை முடிந்து வரும் வழியில் அந்த இரும்புச் சட்டங்களுக்குக் கிட்டப் போய் நின்றேன். இரண்டு தகடு சேர்கிற இடத்தில்தான் ஆணித்தலை இருக்கிறது. நேர்வரிசையாக, ஒரே இடைவெளியில், ஓரத்திலிருந்து ஒரே தூரத்தில். பல சட்டங்கள் வந்து கூடுகிற மூட்டில் ஒரு பெரிய தகடு, அதில் மட்டும் ஆணிகள் நெருக்கமாக. வெறும் தகட்டின் நடுவில் ஒன்றுகூட இல்லை. நான் அதுவரை பொட்டு வைக்கிற மாதிரித் தெளித்துக்கொண்டிருந்தேன்.

ரிவிட் தலைக்கு நான் பாவிப்பது சாறி வேலைக்கு விற்கிற அரைமுத்து. அடி தட்டை, மேல் உருண்டை, மூன்று மில்லிமீற்றரில் இருந்து பல அளவில் கிடைக்கும். அடிமட்டம் வைத்துப் பென்சிலால் புள்ளி குத்தி ஒட்டி, மேலே கறுப்புப் பெயின்ட் அடித்துவிட்டால் பாலத்து இரும்பேதான்.

பொருளுக்கு அலையத் தேவையில்லை. பழைய இரும்பு வாங்குகிற கடையில் பெற்றோமக்ஸ் லாம்பின் அடிப்பாகம், பம்ப் அடுப்பின் தலை, சைக்கிள் செயின், தையல் மெஷினின் குட்டிச் சக்கரம், பூட்டுத் தொலைந்த திறப்புகள் எல்லாம் கிலோக் கணக்கில் கிடக்கும். பழைய திறப்பு ஒன்றே ஒரு பென்டனுக்குப் போதும். போகும்போது ஒரு சின்னக் காந்தம் கொண்டு போங்கள். பித்தளை நிறத்தில் இருப்பது காந்தத்தில் ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே வெறும் முலாம். எங்கள் கடற்காற்றில் ஆறு மாதத்தில் முலாம் பொரிந்து கறள் வெளியே வந்துவிடும். கறள் வேண்டுமென்றால் அது வேறு கதை, முற்றத்தில் ஒரு கிழமை போட்டால் கல்லடிக் காற்றே வேலையை முடித்துத் தரும்.

பித்தளையைக் கழுவுவதில் எனக்கு ஒரு நட்டம் வந்தது. ஒரு கிண்ணம் நிறையச் சில்லுகளைத் தேசிக்காய்ப் புளியில் போட்டு விட்டு, அழுக்குக் கழன்றதும் எடுக்கலாம் என்று படுத்துவிட்டேன். அதற்குள் சில இரும்புத் திருகாணிகளும் கிடந்திருக்கின்றன. காலையில் பார்த்தால் பித்தளை எல்லாம் செம்பு மாதிரி இளஞ்சிவப்பு. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது, புளி அதைத் தின்னும்போது செம்பு கரைந்து வரும், பக்கத்தில் இரும்பு கிடந்தால் அந்தச் செம்பு திரும்ப மேலே படிந்துவிடும். தேய்த்தால் போகும், ஆனால் பொடிச் சில்லின் பல்லிடுக்கில் தேய்க்க முடியாது. இரும்பைத் தனியே பிரித்துவிட்டு, ஐந்து பத்து நிமிசம் போதும்.

பச்சைக் களிம்பு ஏற்ற வேண்டுமானால் தச்சு வேலைத்தளத்தில் ஒரு பை மரத்தூள் வாங்கி வந்து, வினாகிரியும் உப்பும் விட்டுப் பிசறி, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் பொருளை அதற்குள் புதைத்து வைக்கலாம். இரண்டு மூன்று நாளில் தூள் பட்ட இடம் பட்ட இடமாகப் பச்சை பூக்கும். அந்தப் பச்சை நஞ்சு, அதனால் கையுறையோடு எடுத்து, காயவிட்டு, மேலே தெளிந்த வார்னிஷ் அடிக்காமல் யாருக்கும் கொடுக்க மாட்டேன். பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு அந்தப் பொருளே வேண்டாம்.

எல்லாவற்றையும் உலோகத்தில் செய்ய முடியாது, பாரம் கழுத்தை இழுக்கும். பெரிய சில்லுகளுக்கு நான் எடுப்பது பழைய பாட்டாச் செருப்பு. நாங்கள் சின்ன வயதில் தேய்ந்த பாட்டாவில் வட்டம் வெட்டி விளையாட்டு வண்டிக்குச் சில்லுப் போடுவோமே, அதே வேலைதான். கையில் பஞ்சு மாதிரிப் பாரமில்லாமல் இருக்கிற வகையாகப் பார்த்து எடுங்கள். கனமான றப்பர் அடி சரிவராது, பெயின்ட் வெடிக்கும். கவராயத்தால் வட்டம் கீறி, கவராயத்தின் அகலத்தை மாற்றாமல் அதே வட்டத்தின் மேல் நடத்திக்கொண்டு போனால் சரியாக ஆறு தரத்தில் தொடங்கிய இடத்துக்கு வரும், பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஒவ்வொன்றையும் பாதியாக்கினால் பன்னிரண்டு பல். புது பிளேட் போட்டு ஒரே இழுவையில் வெட்ட வேண்டும், மொட்டை பிளேட் பிய்த்துவிடும். வெட்டிய முகத்தைச் சூட்டுக் காற்றில் காட்டினால் துளைகள் மூடி இறுகும், பிறகு வெள்ளைப் பசையில் தண்ணீர் கலந்து மூன்று பூச்சு.

பெயின்டில் எல்லோரும் அவசரப்படுகிற இடம் ஒன்று உண்டு. நேரே தங்க நிறத்தை அடித்தால் அது பரிசுக் கேடயம் மாதிரித்தான் இருக்கும். வீட்டுக் குத்துவிளக்கைப் போய்ப் பாருங்கள், நான் ஒரு முழுப் பின்னேரம் பார்த்திருக்கிறேன். கை படுகிற தண்டும் விளிம்பும் மினுங்கும், கொத்து வேலையின் பள்ளத்தில் கருமையும் பச்சையும் இறங்கியிருக்கும், எண்ணெய் வழிகிற பக்கம் ஒரு மண்ணிறம். அதே வரிசைதான் நமக்கும். முதலில் முழுக்கக் கறுப்பு. காய்ந்ததும், தங்கத்தில் கொஞ்சம் மண்ணிறம் கலந்து, தூரிகையில் எடுத்துக் கடதாசியில் துடைத்துத் துடைத்துக் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை என்கிற அளவுக்கு வந்த பிறகு, மேட்டில் மட்டும் உரச வேண்டும். பள்ளம் கறுப்பாகவே இருக்கட்டும். கடைசியில் கரும் மண்ணிறத்தைத் தண்ணீர் மாதிரிக் கரைத்துப் பூசி உடனே துணியால் துடைத்தால் மூலையில் தங்கியது அழுக்காகிவிடும். கறளுக்கு, ஈரப் பசை மேல் கறுவாத்தூளைத் தூவித் தட்டிவிடுவேன். அந்தச் சொரசொரப்பும் நிறமும் கண்ணை ஏமாற்றும், வார்னிஷ் போட மறந்தால் மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும்.

பசையில் பட்டது ஒரு பெரிய பாடு. கறுப்புப் பின்னணியில் பித்தளைச் சில்லு வைத்து ஒரு சிநேகிதியின் பிறந்தநாளுக்குச் செய்த கழுத்துப் பட்டியை சூப்பர் குளூவில் ஒட்டி, தூசி படாமல் டப்பாவில் மூடி வைத்தேன். மறுநாள் திறந்தால் சில்லைச் சுற்றிலும் திருநீறு பூசிய மாதிரி வெள்ளை. அந்தப் பசை காற்றின் ஈரத்தில்தான் இறுகும், வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஊரில் ஈரத்துக்குக் குறைவில்லை, அதன் ஆவி பக்கத்திலேயே இறங்கி வெள்ளையாகப் படியும். மூடிய டப்பாவில் ஆவி போக வழியும் இல்லை. இப்போது கறுப்பிலும் கண்ணாடியிலும் அதைத் தொடுவதில்லை, இரண்டு குழாய்ப் பசையான அரல்டைட்தான். ஒட்டும் இரண்டு முகத்தையும் சாண்ட் பேப்பரால் கீறி, ஸ்பிரிட்டால் துடைத்து, ஓர் இரவு அசைக்காமல் விட வேண்டும். ஐந்து நிமிசத்தில் இறுகுகிற வகை அவசரத்துக்கு நல்லது, பலத்துக்கு மெதுவானதுதான்.

உடம்பில் படுகிற பொருள் என்றால் பின்பக்கத்தை யோசியுங்கள். வியர்வை பட்டால் பித்தளை தோலில் பச்சை பிடிக்கும். நிறமில்லாத கியூடெக்ஸ் இரண்டு பூச்சு அடித்தால் சில மாதம் தாங்கும், தேய்ந்ததும் திரும்ப அடிக்கலாம். தோட்டுக்குக் கொக்கி மட்டும் வெள்ளியில் வாங்கிப் போடுங்கள். மலிவுக் கொக்கியில் நிக்கல் இருக்கும், என் மைத்துனியின் காது இரண்டு நாளில் புண்ணாகிப் போனது, அதற்குப் பிறகு நான் அதில் காசு மிச்சம் பிடித்ததே இல்லை.

கோதிக் பக்கம் போனபோது வீட்டில் கதை வந்தது. ஒரு மண்டையோடு செய்து அறைக் கதவில் மாட்டியதை அம்மா பார்த்துவிட்டு, "வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற வீட்டில இது தொங்கக் கூடாது புள்ள" என்றார். கோபத்தோடு சொல்லவில்லை, அதனால் நான் யோசித்தேன். இங்கிலாந்தில் கறுப்பு நகை அவ்வளவு பரவியதற்குக் காரணம் விக்டோரியா மகாராணி. 1861இல் கணவர் அல்பேட் இறந்ததிலிருந்து 1901இல் தான் சாகும் வரைக்கும் கறுப்பே உடுத்தினார். விட்பி என்ற கடற்கரை ஊரில் கிடைக்கும் ஜெட், அதாவது மரம் புதைந்து காலப்போக்கில் கறுத்து இறுகியது, அதில் செதுக்கிய நகைகளைத் துக்கத்துக்கு அணிந்தார்கள். அந்தக் கறுப்பு அவர்களுடைய துக்கத்தின் மொழி. எங்கள் ஊரில் செத்த வீட்டுக்கு வெள்ளைக்கொடிதான் கட்டுகிறோம். ஆகவே அவர்களுடைய சின்னத்தை அப்படியே கொண்டுவந்து மாட்டினால் இங்கே யாருக்கும் அது ஒன்றும் சொல்லாது, அம்மாவுக்கு மனக்கவலை மட்டும் மிஞ்சும். இங்கே எங்களுக்கு மயிர்க்கூச்செறிவது எது? இருட்டும் நேரம் கூட்டமாகக் கிளம்புகிற வௌவால், ஒற்றைப் பனை, பேய் இருக்கும் என்று சின்ன வயதில் ஓடிக் கடந்த புளியமரம். டவுனுக்கே புளியந்தீவு என்றுதானே பெயர். மண்டையோட்டைக் கழற்றிவிட்டு, கூர் வளைவு ஜன்னலுக்குள் புளியங்கொப்பும் தலைகீழாக ஒரு வௌவாலும் கறுப்பு மட்டையில் வெட்டி வைத்தேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, இரண்டு நாள் கழித்துத் தூசி தட்டிவிட்டிருந்தார்.

அந்த வளைவை வரைவது லேசு. ஜன்னலின் அகலத்துக்குக் கவராயத்தைத் திறந்து, இடது மூலையில் ஊன்றி வலது மூலையிலிருந்து மேலே ஒரு வில், வலது மூலையில் ஊன்றி இடது மூலையிலிருந்து இன்னொரு வில். இரண்டும் சந்திக்கிற இடம்தான் கூர். கையால் வரைந்தால் மாங்காய் மாதிரி வரும்.

கறுப்பு மரத்துக்குப் பெயின்டே வேண்டாம், இதை நான் எல்லோருக்கும் செய்து காட்ட ஆசைப்படுகிறேன். ஒரு போத்தல் வினாகிரியில் பாத்திரம் தேய்க்கிற இரும்புச் சுருளைப் போட்டு, வாயுக் கிளம்பும் என்பதால் மூடியை இறுக்காமல், ஒரு கிழமை விட வேண்டும். பிறகு துணியில் வடித்து எடுத்தால் கலங்கின தண்ணீர், பார்க்க ஒன்றுமே இல்லை. இன்னொரு பக்கம் பால் விடாத கடும் சாயத் தேத்தண்ணி. பலகையில் தேத்தண்ணியை இரண்டு பூச்சுப் பூசிக் காயவிட்டு, மேலே அந்த இரும்புத் தண்ணீரைத் தூரிகையால் இழுத்தால், இழுத்த கோடு முதலில் சாம்பலாகும், பிறகு நீலம் கலந்த கருமை, கால் மணி நேரத்துக்குள் மர ரேகை எல்லாம் தெரியத் தெரிய ஆழக் கறுப்பு. தேயிலையின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து மரத்துக்குள்ளேயே மை உண்டாகிறது, அதனால் உரியாது. காய்ந்த பிறகு மெழுகு தேய்த்தால் போதும். இதே தண்ணீரைத் துணியில் போட்டு விடாதீர்கள், நாள் போக இரும்பு நூலைத் தின்றுவிடும்.

லேஸ் பற்றி ஒரு வரி. கலியாண உடுப்புத் தைக்கிறவர்களிடம் வெட்டு மிச்சம் கேட்டால் வெள்ளை லேஸ் நிறையக் கிடைக்கும், அதைக் கறுப்பாக்கப் பார்க்கும் முன் ஒரு நூலைக் கொளுத்திப் பாருங்கள். கடதாசி மணத்தோடு சாம்பலானால் பருத்தி, சாதாரணச் சாயம் ஏறும். உருகி மணி மாதிரி உருண்டால் பொலியெஸ்டர் வகை, சாயத்தில் ஊறப்போட்டாலும் சாம்பல் நிறத்தோடு நின்றுவிடும், கறுப்பாகவே வாங்குவது நல்லது. பருத்திக்கு மருதமுனைக் கைத்தறித் துண்டுகளை விட எனக்குப் பிடித்தது வேறில்லை, அந்த நெசவின் கனம் கழுத்துப் பட்டிக்கு அப்படிப் பொருந்தும்.

இப்போது மேசையில் இருப்பது ஓர் அரிக்கன் லாம்பு. கண்ணாடி உடையவில்லை, எண்ணெய்த் தொட்டியில் மட்டும் ஓட்டை. உள்ளே திரிக்குப் பதிலாகச் சின்ன எல்இடி, மேல்மூடியைச் சுற்றி ஒரு வரி ரிவிட், பக்கத்தில் நானா தந்த ரின்னிலிருந்து எடுத்த ஆறு சில்லுகள் ஒன்றையொன்று கோத்தபடி. ஒன்றைத் திருகினால் ஆறும் சுற்றுகின்றன, இதற்கு மட்டும் மூன்று கிழமை மினக்கெட்டேன். வார்னிஷ்தான் பாக்கி. வெளியே மாரி மழை விடாமல் பெய்கிறது, இந்த ஈரத்தில் ஸ்பிரே அடித்தால் பால் தெளித்த மாதிரி வெளுத்துப்போகும், ஒரு தரம் பட்டிருக்கிறேன். தை மாதம் நாலு நாள் தொடர்ந்து வெயில் எறிக்கட்டும். அதுவரை ஒரு பழைய சீலைத் துண்டால் மூடி வைத்திருக்கிறேன், இரவில் படுக்கப் போகும்முன் ஒரு தரம் திறந்து சில்லைச் சுற்றிப் பார்த்துவிட்டு மூடுவேன்.